வான்வழிச் சீட்டும் வீட்டுக் கணக்கும்

சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. வேண்டிய செலவையும் செய்ய மறுப்பது கஞ்சத்தனம். வேண்டிய செலவை வேண்டிய அளவோடு செய்வது சிக்கனம். கடல் கடந்து இங்கிலாந்துக்குப் படிக்க வந்திருக்கும் நமக்கு, ஊருக்குப் போய்வரும் செலவு வேண்டிய செலவே. கல்லூரிக் கட்டணம், அறை வாடகை ஆகிய இரண்டுக்கும் அடுத்தபடி நம் பெற்றோர் தலையில் ஏறும் பெருஞ்சுமையும் அதுவே. அச்சுமையை எப்படிக் குறைக்கலாம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் பிறந்த காஞ்சிரங்குளம், நெய்யாற்றின்கரை வட்டத்தில் விழிஞ்ஞத்திற்கும் பூவாறுக்கும் இடையே உள்ள ஊர். 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியே பிரிக்கப்பட்டபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. பாறசாலையைக் கடந்தால் களியக்காவிளை, அங்கிருந்து தமிழ்நாடு. வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசி வளர்ந்த எங்களுக்கு மூன்றாவது மொழி ஒன்றும் தெரியும். விசா, லீவு, டிக்கெட் என்ற மூன்றே சொற்களைக் கொண்ட வளைகுடா மொழி அது. என் சித்தப்பா சார்ஜாவில் பதினெட்டு ஆண்டுகள் கொத்தனார் வேலை பார்த்தார். அந்தப் பதினெட்டு ஆண்டுகளில் அவர் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருந்தது நான்கே முறை. லீவு கிடைக்காத ஆண்டுகள் சில. லீவு கிடைத்தும் சீட்டின் விலை கிடைக்கவிடாத ஆண்டுகள் பல. ஆகவே, ‘ஒரே விமானத்தில் அடுத்தடுத்து அமர்ந்த இருவர் ஏன் வேறு வேறு விலை கொடுக்கிறார்கள்?’ என்ற கேள்வி எங்கள் வீட்டில் பழைய கேள்வி. இயற்பியல் படிக்க வந்தபின் அதற்கு ஒரு விடை கிடைத்தது. அதனை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

விலை பிறந்த கதை

திருவனந்தபுரத்திற்கு வான்வழி புதியதன்று. 1935 அக்டோபர் 29ஆம் நாள் பம்பாயிலிருந்து டாட்டா நிறுவனத்தின் விமானம் அங்கு வந்து இறங்கியது. 1991இல் அந்நிலையம் பன்னாட்டு விமான நிலையம் ஆயிற்று. ஆனால் வழி திறந்ததும் விலை குறைந்துவிடவில்லை.

ஒரு காலத்தில் பன்னாட்டுப் பயணத்தின் கட்டணத்தை எந்த விமானக் குழுமமும் தன் விருப்பப்படி வைக்க முடியாது. ஐயாட்டா எனப்படும் பன்னாட்டு வான் போக்குவரத்துச் சங்கத்தின் மாநாடுகளில் குழுமங்கள் கூடிக் கட்டணத்தை வரையறுக்கும். அரசுகள் அதற்கு ஒப்புதல் தரும். அக்கட்டுப்பாட்டில் ஒரு சிறு வாயில் இருந்தது. பயணத்திற்காகவே அமையாத ஒரு சங்கம், தன் உறுப்பினர்க்காக ஒரு விமானத்தை முழுவதுமாக வாடகைக்கு அமர்த்தலாம். உறுப்பினர் ஆறு மாதமேனும் சங்கத்தில் இருந்திருக்க வேண்டும். 1960களில் பல்கலைக்கழக மாணவர் சங்கங்கள் பல இவ்வழியைப் பயன்படுத்திக் கொண்டன. மலிவான பயணத்திற்காகவே பெயரளவில் தோன்றிய போலிச் சங்கங்களும் உண்டு! நம்முடையது போன்ற ஒரு சங்கத்தின் உறுப்பினர் சீட்டுக்கு அன்று இருந்த மதிப்பை எண்ணிப் பாருங்கள்.

1977 செப்டம்பர் 26ஆம் நாள் பிரெடி லேக்கர் என்பவர் லண்டனிலிருந்து நியூயார்க்கிற்கு 59 பவுண்டுக்கு விமானம் விட்டார். முன்பதிவு இல்லை, வரிசையில் நின்று சீட்டு வாங்கவேண்டும். அந்தக் குழுமம் 1982 பிப்ரவரியில் நொடித்தது. ஆயினும் மலிவான சீட்டு இயலும் என்று அது உலகுக்குக் காட்டிவிட்டது. நம் பக்கத்தில் 2003இல் சார்ஜாவில் ஏர் அரேபியா தொடங்கியது. 2005 ஏப்ரல் 29ஆம் நாள் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் முதல் விமானம் திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்குப் பறந்தது. வளைகுடா சென்ற தொழிலாளரின் நீண்டநாள் வேண்டுகோளுக்கு அது ஓரளவு விடையாயிற்று.

ஓர் எளிய கணக்கு

1972இல் பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் குழுமத்தில் பணிபுரிந்த கென் லிட்டில்வுட் ஒரு விதியைக் கூறினார். அதனை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். எண்கள் என் கற்பனை.

ஓர் இருக்கையை இன்றே 400 பவுண்டுக்கு விற்கலாம். விற்காமல் வைத்திருந்தால், கடைசி வாரத்தில் அவசரமாக வரும் ஒருவர் 900 பவுண்டு தருவார். ஆனால் அவர் வருவார் என்பது உறுதியன்று. வருவதற்கான நிகழ்தகவைக் கணித்து, அதனை 900ஆல் பெருக்க வேண்டும். வரும் தொகை 400க்கு மேற்பட்டால் இருக்கையை ஒளித்து வைப்பது இலாபம். குறைந்தால் இன்றே விற்பது இலாபம். 400ஐ 900ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.44. அதாவது, நூற்றுக்கு நாற்பத்துநான்கு பங்குக்கு மேல் வாய்ப்பு இருந்தால் மலிவு விலைக் கதவு மூடப்படும்.

அவசரக்காரர் ஒருவராவது வருவார் என்பது ஏறக்குறைய உறுதி. நாற்பது பேர் வருவார்களா என்பது ஐயம். நூறு பேர் வருவார்களா என்பது பெரிய ஐயம். ஆகவே குழுமம் சில இருக்கைகளை மட்டும் காத்துவைத்து, மற்றவற்றை மலிவாக விற்கிறது. இன்று இரண்டு விலைக்கு மாறாகப் பல விலைகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. கணக்கைக் கணிப்பொறி போடுகிறது. கணக்கின் உயிர் மட்டும் லிட்டில்வுட் சொன்னதுதான்.

இதிலிருந்து மூன்று உண்மைகள் பெறப்படும்.

முதலாவது: விலை இருக்கையைப் பொறுத்ததன்று, வாங்குவோரின் தேவையைப் பொறுத்தது. நாளை மாற்ற இயலாதவனிடம் மிகுதியாக வாங்குவதே இம்முறையின் அடிப்படை.

இரண்டாவது: ‘செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் வாங்கினால் மலிவு’ என்பன போன்ற நம்பிக்கைகளுக்கு இக்கணக்கில் இடமில்லை. வாங்கும் கிழமையைவிடப் பறக்கும் நாளே முக்கியம். எல்லாரும் பறக்கும் நாளாயின் முன்னதாக வாங்குக. யாரும் பறக்காத நாளாயின் சற்றுப் பொறுக்கலாம். எதிர்பார்த்த அவசரக்காரர் வராவிட்டால் மூடிய கதவு மீண்டும் திறப்பதும் உண்டு. கிறிஸ்துமஸ் வாரத்தில் அதனை நம்பியிருப்பது கொக்குத் தலையில் வெண்ணெய் வைத்த கதையாகும்.

மூன்றாவது: கூட்டமாகச் சேர்ந்து வாங்குவது எப்போதும் மலிவன்று. நால்வர் சேர்ந்து தேடுகிறீர்கள். 430 பவுண்டு விலையில் இரண்டு இருக்கைகளே மீதம். அடுத்த விலை 520. பதிவு முறை பொதுவாக நால்வர்க்கும் ஒரே விலையைத்தான் காட்டும்; மொத்தம் 2,080 பவுண்டு. இருவர் இருவராக வாங்கினால் 860ம் 1,040ம் சேர்ந்து 1,900. ஒரு நிமிட உழைப்பில் 180 பவுண்டு மீதம். ஆகவே முதலில் ஒருவர்க்கு மட்டும் தேடிப் பார்த்தபின் கூட்டத்திற்குத் தேடுங்கள்.

சீட்டுக்குள் இருப்பவை

பயணச்சீட்டின் விலை முழுவதும் விமானக் குழுமத்தைச் சேராது. இங்கிலாந்திலிருந்து புறப்படுவோர் செலுத்தும் விமானப் பயணி வரி 1994 நவம்பரில் தொடங்கியது. அப்போது அது 5 பவுண்டும் 10 பவுண்டுமாக இருந்தது. இந்தியா செல்லும் சாதாரண வகுப்புப் பயணிக்கு அவ்வரி 2025 ஏப்ரலில் 90 பவுண்டாகவும், 2026 ஏப்ரலில் 102 பவுண்டாகவும் உயர்த்தப்பட்டது. திருவனந்தபுர நிலையத்தின் பயனர் கட்டணம் 2024 ஜூலையில் கூடியது. பன்னாட்டுப் பயணி புறப்படும்போது 1,540 ரூபாய், வந்து இறங்கும்போது 660 ரூபாய் என்று தொடங்கி, அடுத்த ஆண்டுகளில் மேலும் ஏறுமாறு அது வகுக்கப்பட்டது.

இவற்றை அறிவதால் என்ன பயன்? பயணத்தைக் கைவிட நேர்ந்தால் பயன் உண்டு. ‘பணம் திரும்பாது’ என்று அச்சிட்ட சலுகைச் சீட்டாயினும், பயணம் செய்யாதவர்க்கு அரசு வரிகளையும் நிலையக் கட்டணங்களையும் இந்தியக் குழுமங்கள் திருப்பித் தரவேண்டும் என்பது இந்திய விமானத்துறையின் விதி. இங்கிலாந்தின் பயணி வரியும் பறக்காதவரிடம் சேராது. பல குழுமங்கள் கேட்டால் திருப்பித் தரும், சில அலுவல் கட்டணம் பிடித்துக்கொள்ளும். கேட்பவர் சிலரே, கேளாமல் இழப்பவர் பலர்.

மற்றொன்று: பணம் செலுத்தும்போது ‘உங்கள் நாட்டு நாணயத்தில் செலுத்தலாமே’ என்று திரை இனிமையாகக் கேட்கும். அதற்கு இணங்கினால் மாற்று வீதத்தை விற்பவரே வைப்பார். அதில் அவருடைய இலாபமும் அடங்கும். சீட்டு எந்த நாணயத்தில் விலை கூறப்பட்டதோ அதிலேயே செலுத்துங்கள். அயல்நாட்டுச் செலவுக்குத் தனிக் கட்டணம் பிடிக்காத அட்டையாக இருப்பது நலம்.

நாளே பணம்

இங்கிருந்து திருவனந்தபுரம் செல்வோர் பெரும்பாலும் துபாய், அபுதாபி போன்ற வளைகுடா நகரங்களில் விமானம் மாறுகிறோம். ஆகவே நம் பயணம் இரண்டு துண்டுகள் கொண்டது. இரண்டில் எது நெருக்கடியோ அதுவே விலையை உயர்த்தும். ஜூன் இறுதியில் வளைகுடாப் பள்ளிகள் கோடை விடுமுறைக்காக மூடப்படுகின்றன. அங்குள்ள கேரளக் குடும்பங்கள் ஊருக்குப் புறப்படுகின்றன. ஆகஸ்டு இறுதியில் பள்ளி திறக்கும்போது திரும்புகின்றன. ஓணம், பெருநாள், கிறிஸ்துமஸ் ஆகியவற்றின் நெருக்கடி தனி. லண்டன் விமானம் பாதி காலியாக இருந்தாலும், துபாயிலிருந்து ஊருக்குச் செல்லும் விமானம் நிறைந்திருந்தால் நமக்கும் விலை ஏறும்.

தேர்வு முடிந்ததும் எல்லாரோடும் சேர்ந்து ஜூன் இறுதியில் புறப்படாமல், ஜூன் தொடக்கத்திலோ ஜூலைப் பிற்பகுதியிலோ புறப்பட்டுப் பாருங்கள். கிறிஸ்துமஸுக்குச் செல்வோர், ஆசிரியரின் இசைவு பெற்று டிசம்பர் முதல் பாதியில் புறப்பட இயலுமா என்று பாருங்கள். நாளை ஒரு வாரம் நகர்த்தும் உரிமை மாணவனுக்கு உண்டு; பத்து நாள் லீவு பெற்ற கொத்தனாருக்கு இல்லை. நாம் நகர்ந்தால் நம் பணம் மிஞ்சும். அவருக்கு ஓர் இருக்கையும் மிஞ்சும்.

இருவழிச் சீட்டை எந்த ஊரிலிருந்து தொடங்குவது என்பதும் சிந்திக்கத்தக்கது. செப்டம்பரில் நாம் ஒருவழிச் சீட்டில் வருகிறோம். டிசம்பரில் ஊருக்குப் போகவும் ஒருவழிச் சீட்டே வாங்கினால், ஜனவரியில் திருவனந்தபுரத்திலிருந்து புறப்பட்டுக் கோடையில் அங்கேயே திரும்பும் இருவழிச் சீட்டை வாங்கலாம். கோடை முடிந்து வரும்போது, செப்டம்பரில் புறப்பட்டு டிசம்பரில் திரும்பும் சீட்டு. பல குழுமங்களில் இரண்டு ஒருவழிச் சீட்டுகளைவிட ஓர் இருவழிச் சீட்டு மலிவு. இந்தியாவில் தொடங்கும் சீட்டுக்கு இந்தியச் சந்தையின் விலை. எல்லா ஆண்டும் இது மலிவாகும் என்று கூறேன்; இரண்டு வகையாகவும் கூட்டிப் பார்த்து முடிவு செய்க. நினைவிற்கொள்ள வேண்டியவை இரண்டு. சீட்டின் ஆயுள் பொதுவாக ஓராண்டு. முதற்பகுதியில் பறக்காவிட்டால் திரும்பும் பகுதியும் தானாகவே இரத்தாகிவிடும்.

எந்த நிலையம்?

காஞ்சிரங்குளத்திலிருந்து திருவனந்தபுர விமான நிலையம் முப்பது கிலோமீட்டருக்கும் குறைவு. கொச்சியும் மதுரையும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல். லண்டனிலிருந்து நேரே விமானம் செல்லும் சென்னையோ ஓர் இரவு முழுவதும் ரயிலில் வரவேண்டிய தூரம். எழும்பூரிலிருந்து திருச்சி, மதுரை, நாகர்கோவில் வழியாக வரும் அனந்தபுரி விரைவு வண்டி நமக்கு உதவும். சென்னைச் சீட்டு 70 பவுண்டு மலிவு என்று வைத்துக்கொள்வோம். ஹீத்ரூ வரை பேருந்து, சென்னை நிலையத்திலிருந்து எழும்பூருக்கு வாடகைக் கார், ரயில் கட்டணம், இடையில் உணவு, இரண்டு பெட்டிகளையும் தூக்கும் துன்பம் ஆகிய அனைத்தையும் கூட்டுங்கள். மிஞ்சுவது 40 பவுண்டாயின் ஒரு நாளை அதற்கு விற்கலாமா என்பது அவரவர் முடிவு. நெல்லை, மதுரை நண்பர்களுக்கு இதே கணக்கு வேறு விடை தரும். கதவிலிருந்து கதவு வரை கூட்டுவதே கணக்கு. நிலையத்திலிருந்து நிலையம் வரை கூட்டுவது அரைக் கணக்கு.

ஆங்கில நண்பர் சிலர், ‘அயர்லாந்தின் டப்ளினிலிருந்து புறப்படு, இங்கிலாந்து வரி இல்லை’ என்பர். அவர்களுக்கு அது நல்ல அறிவுரை. இந்தியக் கடவுச்சீட்டு உடைய நமக்கு அயர்லாந்து செல்லத் தனி விசா வேண்டும். அதன் செலவு வரியில் மிஞ்சியதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஐரோப்பிய நகரங்களில் விமானம் மாறும் மலிவுச் சீட்டை வாங்குமுன், அங்கு இடைத்தங்கலுக்கு விசா வேண்டுமா என்பதையும் பாருங்கள். பிறர் சிக்கனம் நமக்குச் செலவாகக்கூடும்.

மலிவும் ஆபத்தும்

இரண்டு குழுமங்களின் சீட்டுகளைத் தனித்தனியே வாங்கி இணைப்பது சில வேளை மிக மலிவு. ஆனால் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது உங்களுக்காகக் காத்திராது, பணமும் திரும்பாது. பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டுமாயின் அந்நாட்டுக்குள் நுழையும் விசாவும் வேண்டும். ஒரே பதிவில் வாங்கிய சீட்டாயின் உங்களை ஊர் சேர்ப்பது குழுமத்தின் கடமை. இங்கிலாந்திலிருந்து புறப்படும் 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம், குழுமத்தின் பொறுப்பால் நான்கு மணி நேரத்திற்கு மேல் தாமதித்து ஊர் சேர்ந்தால், 520 பவுண்டு இழப்பீடு பெறும் உரிமையும் இந்நாட்டுச் சட்டத்தில் உண்டு.

திருவனந்தபுரத்திற்கே உரிய ஒரு செய்தியும் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு இருமுறை பத்மநாபசுவாமி கோவிலின் ஆராட்டு ஊர்வலம் விமான ஓடுதளத்தைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குச் செல்லும். அம்மாலையில் சில மணி நேரம் நிலையம் மூடப்பட்டு, விமான நேரங்கள் மாற்றப்படும். தனித்தனிச் சீட்டில் செல்வோர் அந்நாளைத் தவிர்ப்பது நன்று.

முகவரிடம் வாங்கினால் ஆறு எழுத்துப் பதிவுக் குறியோடு நில்லாதீர்கள். அது இடம் ஒதுக்கியதற்கு அடையாளமேயன்றிப் பணம் கட்டியதற்கு அன்று. பதின்மூன்று இலக்கச் சீட்டு எண்ணைக் கேளுங்கள். முதல் மூன்று இலக்கங்கள் குழுமத்தைக் குறிக்கும்: ஏர் இந்தியா 098, பிரிட்டிஷ் ஏர்வேஸ் 125, எமிரேட்ஸ் 176, எதிஹாத் 607. பிறகு குழுமத்தின் தளத்திலேயே சரிபாருங்கள். எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு முகவரிடம் பணம் கட்டி, பதிவுக் குறியை மட்டும் பெற்று, பெட்டி கட்டி நிலையம் வரை சென்று திரும்பிய குடும்பத்தை நான் அறிவேன்.

குழுமமே நொடித்துவிட்டால்? 2019 ஏப்ரல் 17ஆம் நாள் ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2023 மே மாதம் கோ பர்ஸ்ட் நின்றது. சீட்டு வைத்திருந்தோர் கை பிசைந்து நின்றனர். இந்நாட்டின் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளைக் கடன் அட்டையில் வாங்கினால், விற்றவரோடு வங்கியும் பொறுப்பு. இடையில் முகவர் புகுந்தால் அந்தப் பொறுப்பு அறுந்துபோகக்கூடும். விலை சமமாயின் குழுமத்திடமே நேரே வாங்குவதே அறிவு.

சங்கம் செய்யத்தக்கது

மேலே கூறிய அனைத்தும் நாள் உள்ளவனுக்கு உதவும். நாள் இல்லாதவனுக்கு உதவா. சென்ற ஆண்டு நம் விடுதியில் ஒரு நண்பருக்குத் தந்தை மறைந்த செய்தி இரவு இரண்டு மணிக்கு வந்தது. காலை விமானத்தின் விலை, அவர் அம்மாதம் கையில் வைத்திருந்த பணத்தைப் போல் மூன்று மடங்கு. நாங்கள் நாலைந்து பேர் கைப்பணத்தைச் சேர்த்து முடிக்குமுன் நேரம் கடந்துவிட்டது. மறுநாள் அடக்கத்தை அவர் கைப்பேசியில் பார்த்தார். லிட்டில்வுட் கணக்கில் ‘அவசரக்காரர்’ என்று நான் எழுதியது இவரைத்தான். கணக்கில் அவர் ஒரு நிகழ்தகவு. நமக்கோ அவர் பக்கத்து அறைக்காரர்.

இதற்காகச் சங்கத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று, ஒரு குறிப்பேடு. சீட்டு வாங்கும் ஒவ்வொருவரும் வாங்கிய நாள், பறக்கும் நாள், வழி, குழுமம், மொத்த விலை ஆகிய ஐந்தையும் அதில் எழுதட்டும். இரண்டு ஆண்டுகள் எழுதினால், நம் ஊர்களுக்கு எந்த வாரம் மலிவு என்பதை வதந்தியின் துணையின்றி அறியலாம். புதிதாக வரும் தம்பி தங்கையருக்கு அதனினும் நல்ல வரவேற்பு வேறில்லை.

இரண்டு, ஓர் அவசர நிதி. இக்கட்டுரையின் வழிகளுள் ஒன்றால் 100 பவுண்டு மிச்சம் பிடிப்பவர், அதில் 20 பவுண்டைச் சங்கத்திடம் கொடுக்கட்டும். அறுபது பேர் கொடுத்தால் 1,200 பவுண்டு. துயரச் செய்தி வந்த இரவில் பொருளாளர் உடனே எடுத்துக் கொடுக்கவும், பெற்றவர் இயன்றபோது வட்டியின்றித் திருப்பித் தரவும் விதி செய்யலாம். சிறு துளி பெருவெள்ளம் என்பது நம்மவர் மொழி.

அடுத்த பொதுக்குழுவில் இவ்விரண்டையும் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியுள்ளேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.